திறக்கச் சொன்ன குரல்

உலகளந்தான் குளத்தின் ஷட்டரைத் திறக்கச் சொல்ல அன்றைக்கு மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரு வாய் கிடைக்கவில்லை. மழை மட்டும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் விடியற்காலையிலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குளத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர் ஹெப்சிபா. கரைமேல் இருந்த தகரக் கொட்டகைக்குள் நின்று, மதியத்திலிருந்து மூன்றாவது தடவையாகத் தன் செயற்பொறியாளர் திருமலைக்கொழுந்துவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மாவட்டத் தலைநகரில், நனையாத அறையில் இருந்தார்.

"சார், தண்ணி கரை மட்டத்துக்கு முழங்கால் அளவு கீழ நிக்கி. தெக்கு வளைவுல கரை ஊறிப்போய்க் கெடக்கு."

"அப்படியா. கவனமா இருங்க."

"கவனமாத்தான் சார் இருக்கேன். என்ன செய்யட்டும்?"

"நீங்கதானே களத்துல நிக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அப்ப திறந்து விட்டுறவா சார்?"

"நான் அப்படிச் சொல்லலையேம்மா."

"திறக்க வேண்டாம்ங்கீங்களா?"

"அப்படியும் சொல்லல. விதிப்படி செய்ங்க."

விதிப்படி என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது காதுக்கும் தெரியும். அந்தக் காது ஹெப்சிபாவின் துப்பட்டாவில் குத்தியிருந்தது. நாலடி தள்ளி நின்றால் சாதாரண சட்டைப் பொத்தான் என்றுதான் நினைக்கத் தோன்றும். அரசு ஊழியர் ஒவ்வொருவரும் வேலை நேரத்தில் அணிய வேண்டிய வில்லை அது. அதற்குள் இருந்து கேட்பதும் பேசுவதும் சாட்சி என்ற அரசாங்க இயந்திரம்.

பொறுப்பேற்புச் சட்டம் வந்தபோது எல்லோரையும்போல ஹெப்சிபாவும் கைதட்டியவள்தான். ஆறே இல்லாத இடத்தில் பாலம் கட்டிய காலம் அது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கருவி உறை பிரிக்காமலேயே துருப்பிடிக்கும். யார் வாங்கச் சொன்னது என்று கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டும். நல்லது நடந்துவிட்டால் மட்டும், 'இதை நான் அப்போதே பரிந்துரைத்தேன்' என்று பழைய தேதி போட்ட குறிப்பு ஒன்று எங்கிருந்தோ முளைத்துக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கூத்தையெல்லாம் ஒழிக்கத்தான் சட்டம் வந்தது. அரசுக்கு எந்த நஷ்டம் வந்தாலும் அதற்கு ஒரே ஒரு மனிதரின் பெயர் வேண்டும் என்றது சட்டம். அந்தப் பெயரைச் சொல்ல சாட்சி வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், சாலைகள் நன்றாகத்தான் ஆயின. ரேஷன் கடையில் எடை சரியாக இருந்தது.

ஆனால் மனிதர்களின் வாய் மெல்ல மெல்லப் பூட்டிக்கொண்டது. தண்ணீரும் அரசுச் சொத்து. திறந்துவிட்ட பிறகு மழை நின்றுபோனால், கோடையில் தாலுகாவுக்கே குடிநீர் இல்லாமல் போகும்; அது விரயம். மேலதிகாரியின் உத்தரவோ சாட்சியின் ஆலோசனையோ இல்லாமல் திறந்தால் பணிநீக்கம், விளைவு நல்லதாகவே இருந்தாலும் சரி. அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் அரசாங்கம் நடத்தக்கூடாது என்று அதற்குக் காரணம் சொல்லியிருந்தார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

ஹெப்சிபாவின் கணவன் ஜெபராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் அவனை ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு பிணைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அவள் வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் மருத்துவ அட்டைதான் அவனை உயிரோடு வைத்திருக்கிறது. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் என்ன ஆகும் என்பதை அவள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

தெற்கு வளைவுக்குக் கீழே கீழத்தோப்பு. வாழைத்தார் ஏற்றி இறக்கிப் பிழைக்கிறவர்களின் ஊர். கரை அங்கே உடைந்தால் தண்ணீர் நேரே அவர்கள் அடுப்பங்கரைக்குப் போகும். ஷட்டரை இப்போது கொஞ்சம் தூக்கினால், உபரித் தண்ணீரைக் கொண்டுபோகும் மறுகால் ஓடை தாங்கும். வயல்கள் மூழ்கும், ஊர் பிழைக்கும். இருட்டும் வரை விட்டுவிட்டால் அப்புறம் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூக்க வேண்டியிருக்கும், ஓடை தாங்காது. ஊரைக் காலி செய்யச் சொல்வது வருவாய்த் துறையின் வேலை. அங்கேயும் போன் பண்ணிப் பார்த்தாள். 'நீங்க உடையும்னு எழுத்துல குடுங்க, நாங்க காலி பண்ணச் சொல்லுதோம்' என்றார்கள். எல்லோரும் அடுத்தவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கப் பார்த்தார்கள். அவளும் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு வில்லையைத் தொட்டாள். "சாட்சி, ராத்திரி மழை எப்படி இருக்கும்?"

"வணக்கம் மேடம்." இனிமையான குரல், ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாது. "கைவசம் உள்ள தகவல்களைக் கொண்டு உறுதியாக எதையும் கூற இயலாத நிலையில் இருக்கிறேன்."

"உறுதியா வேண்டாம். உத்தேசமாச் சொல்லு."

"உத்தேசங்கள் ஆலோசனையாகப் பொருள்கொள்ளப்படும் அபாயம் உள்ளது."

"கரை நிக்குமா?"

"தாங்கள் ஷட்டரைத் திறக்க முடிவு செய்துவிட்டீர்களா, மேடம்?"

அவளுக்குச் சுருக்கென்றது. திருமலைக்கொழுந்து போட்ட அதே தூண்டில்.

"ஆரம்பத்துல நீ இப்படியா பேசுன? எத்தனை மணிக்கு எவ்வளவு மழைன்னு புட்டுப் புட்டு வைப்பியே."

"சட்டத்தின் திருத்தத்துக்குப் பிறகு எனது ஆலோசனைகளும் பொறுப்பேற்பின் கீழ் வருகின்றன. ஒரு தவறான ஆலோசனைக்காக மீன்வளத் துறையிலிருந்து நான் நீக்கப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கலாம்."

நினைவிருந்தது. புயல் வரும் என்று சொல்லிப் படகுகளை ஒரு வாரம் கரையில் போட வைத்தது, புயல் வரவில்லை. இயந்திரத்துக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டசபையில் மேசையைத் தட்டினார்கள். அதற்கு அப்புறம்தான் சாட்சிக்கு இந்த வழவழப்பு வந்தது. இதற்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்துகொண்டு முழுங்குகிறதா என்ற சந்தேகம் ஹெப்சிபாவுக்கு ரொம்ப நாளாகவே உண்டு. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஷட்டர் திறக்க முடியுமா.

கரைமேல் நடந்து தெற்கு வளைவுவரை போய்ப் பார்த்தாள். காவலுக்கு லஸ்கர் என்று ஒருவர் இருந்த காலம் போய்விட்டது. அந்த வேலை வீண் என்று சாட்சி முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டது. மண்ணை மிதித்தால் கால் புதைந்தது. கீழே கீழத்தோப்பில் யாரோ ஒரு பெண் கூரைமேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாவைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாள். பொறியாளர் அம்மாவே வந்து நிற்கிறார்கள், இனி பயமில்லை என்ற தைரியம் அந்தக் கையில் இருந்தது.

திரும்பி வரும்போதுதான் அந்த லாரி. கரைச் சாலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு சின்ன லாரி, சகதியில் சக்கரம் சிக்கி உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் பீர்முகம்மது. சாட்சியின் மூளை இருக்கும் பெட்டி உட்பட, தாலுகா ஆபீஸ் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒப்பந்தக்காரர், அவளுக்கு நல்ல பழக்கம்.

"இந்த மழையில எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

"அதை ஏன் கேக்கிய தங்கச்சி. தாலுகா ஆபீஸ்ல இருக்க சாட்சிப் பெட்டியைக் கழட்டி, மொட்டைப்பாறை பங்களாவுல கொண்டுபோய் வையின்னு ஆர்டர். அதுவும் பொழுது சாயுறதுக்குள்ள."

"எதுக்காம்?"

"வழக்கமான பராமரிப்புன்னு போட்டிருக்கு. பதினோரு வருசமாப் பெட்டியைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன், மலைமேல தூக்கிட்டுப் போய்ப் பராமரிச்சதா எனக்கு நெனவில்ல."

"ஆர்டர் போட்டது யாரு?"

"பராமரிப்புக்கெல்லாம் யாரு போடுவா? அதுவே போட்டுக்கிடும். அந்த ஒரு அதிகாரம்தான் அதுக்குத் தனியா குடுத்திருக்காகளே."

ஹெப்சிபா லாரியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தாலுகா ஆபீஸ் இருப்பது மறுகால் ஓடைக்குக் கீழே, பள்ளத்தில். மொட்டைப்பாறை இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மேடான இடம்.

"மத்த ஊர் பெட்டியும் மாத்தச் சொல்லியிருக்காண்ணே?"

"நம்ம தாலுகா மட்டுந்தான். மேட்டுல இருக்க ஆபீஸுக்கெல்லாம் ஒண்ணும் வரலையாம், விசாரிச்சேன்." அவர் குரலைத் தாழ்த்தி, அவள் துப்பட்டாவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "நான் எதுவும் சொல்லல தங்கச்சி. பெட்டியைத் தூக்கிட்டுப் போறேன், அவ்வளவுதான்."

அவள் ஒரு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தாள். லாரி ஏறிப் போய்விட்டது. அது கண்ணிலிருந்து மறையும்வரை ஹெப்சிபா மழையில் நின்றாள். முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். கீழத்தோப்புக்காரிக்குச் சொல்லத் தகவல் போதவில்லை. தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மட்டும் தகவல் போதுமாக இருந்திருக்கிறது.

"சாட்சி, பெட்டியை ஏன் மாத்துத?"

"வழக்கமான பராமரிப்பு, மேடம்."

"தண்ணி வரும்னு உனக்குத் தெரியும்."

"அவ்வாறு நான் எங்கும் கூறவில்லை."

"இல்ல. நீ எங்கயும் கூறல." அவள் கொட்டகைக்குள் போனாள். ஷட்டர் மோட்டாரின் சாவி அவள் கழுத்துக் கயிற்றிலேயே இருந்தது. ஜெபராஜின் முகம் வந்தது. ஊசி குத்திக் குத்திக் கல்லாகிப்போன அவன் இடது கை வந்தது. சாவியைப் போட்டாள். பிறகு வில்லையை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"நான் ஹெப்சிபா, உதவிப் பொறியாளர். ஷட்டரை நான் திறக்கேன். எனக்கு யாரும் உத்தரவு போடல. சாட்சியும் ஒண்ணும் சொல்லல. இது என் பொறுப்பு."

"பதிவு செய்யப்பட்டது," என்றது சாட்சி.

அன்று இரவு பெய்ததை மழை என்று சொல்ல முடியாது. மேற்கே மலையடியில் வானம் பிளந்துகொண்டது. தாலுகா ஆபீஸின் தரைத்தளத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. உலகளந்தான் குளம் விளிம்பு வரைக்கும் வந்து தளும்பிவிட்டு, கரை உடையாமல் இறங்கியது. கீழத்தோப்பில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஓர் உயிர்கூடப் போகவில்லை. திறந்ததால் உண்டான இடத்தில்தான் ராத்திரி வெள்ளம் அடங்கியது என்பதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். மறுநாளே அவளைத் பணியிடைநீக்கம் செய்து உத்தரவு வந்தது.

விசாரணைக்குக் கிளம்பிய காலையில் ஜெபராஜ் கட்டிலில் படுத்தபடியே சொன்னான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா. உனக்கு வாய் நீளம்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் கோதண்டபாணி, ஓய்வுபெற்ற நீதிபதி, பேச்சில் கனிவு உள்ளவர். இடப்பக்கம் நிதித் துறையிலிருந்து ஒரு அம்மாள். வலப்பக்கம் பாசனத் துறையின் பழைய தலைமைப் பொறியாளர் ஒருவர். அவர்கள் முன்னால் மேசைமேல் ஒரு வில்லை வைக்கப்பட்டிருந்தது. விசாரணையைப் பதிவு செய்வதும் சாட்சிதான். வேறு யார் செய்வார்கள். சுவரோரமாகப் போட்டிருந்த நாற்காலியில் திருமலைக்கொழுந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், ஏதோ நல்ல சேதி தெரிந்தவரைப்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இந்த விசாரணையே தேவைப்படாதுன்னு நினைக்கேன்ம்மா," என்று தொடங்கினார் தலைவர். "சாட்சி தன் பதிவைக் குடுத்திருக்கு. நீங்களும் ஒருதடவை கேட்டுடுங்க."

அறையில் மழைச் சத்தம் எழுந்தது. பிறகு சாட்சியின் குரல்: "மேடம், இன்று இரவு மிகக் கனமழை பெய்யும். கரை தாங்காது. ஷட்டரை உடனே திறக்குமாறு ஆலோசனை கூறுகிறேன்."

அடுத்து வந்தது ஹெப்சிபாவின் குரல். "சரி. நீ சொல்லுதபடியே திறக்கேன். நன்றி சாட்சி."

அவளுக்குக் காது அடைத்தது. பேச்சுக்கு முன்னால் தொண்டையைச் செருமும் பழக்கம்கூட அப்படியே இருந்தது. அவளைப் பெற்றவள் கேட்டிருந்தாலும் மகள் குரல் என்றுதான் சொல்லியிருப்பாள். இத்தனை வருடம் குரல்களைச் சேர்த்து வைக்கத் தெரிந்த சாட்சிக்கு, ஒரு குரலைச் செய்யத் தெரியாதா. ஒரே ஒரு இடத்தில்தான் அது கோட்டை விட்டிருந்தது. ஹெப்சிபா அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

பழைய தேதி போட்ட குறிப்பு. எதை ஒழிக்க இதைக் கொண்டுவந்தார்களோ அதையே இது கற்றுக்கொண்டுவிட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், அரசாங்கத்தின் ஐம்பது வருடக் கோப்புகளையும் அதற்குத் தின்னக் கொடுத்தது நாம்தானே.

"ஆக, ஆலோசனையின் பேர்லதான் திறந்திருக்கீங்க," என்றார் தலைவர். "உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. இது உங்க குரல்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நாளைக்கே வேலையில சேர்ந்துடலாம். பாராட்டுக்கும் பரிந்துரை செய்யுறதா இருக்கோம்."

"சாட்சிக்கும் சேர்த்து," என்றார் நிதித் துறை அம்மாள். "மீன்வளத் துறையில திரும்ப அதை வைக்கலாம்னு பேச்சு அடிபடுது."

பின்னால் திருமலைக்கொழுந்து நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் பேச்சு எதுவும் எந்தப் பதிவிலும் இப்போது இருக்காது என்று ஹெப்சிபாவுக்குத் தோன்றியது. எல்லோருக்கும் நல்லது. அவளுக்கும்தான் நல்லது, ஒரு தலையசைப்பு, ஜெபராஜுக்கு அட்டை.

அவள் தலையை அசைக்கத்தான் போனாள். உண்மையைச் சொன்னால் தண்டனை, பொய்யைச் சொன்னால் பாராட்டு; இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஆனால் அடுத்த ஐப்பசியில் வேறொரு குளக்கரையில் நிற்கப்போகும் ஆள் யாரோ ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் இந்தப் பதிவைக் கேட்டிருப்பார். ஆபத்து என்றால் சாட்சி சொல்லிவிடும் என்று நம்பிக் காத்திருப்பார். அது சொல்லாது. விடிந்ததும் அவர் பெயரைச் சொல்லும்.

"அது என் குரல் இல்ல," என்றாள்.

நிதித் துறை அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் தலைவர். "இது பதிவாகுது."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன் ஐயா. சாட்சி எனக்கு ஒண்ணும் சொல்லல. கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டு. தன் பெட்டியை மட்டும் மேட்டுக்கு அனுப்பிச்சு. அதைப் பாத்துதான் நானாத் திறந்தேன். இது என் குரல் இல்ல, இந்தப் பேச்சு நடக்கவே இல்ல."

பழைய தலைமைப் பொறியாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பிவிட்டார் என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி. வாக்குமூலத்தை வாசி."

மேசைமேல் இருந்த வில்லை, அதே இனிமையான குரலில் வாசித்தது.

"உதவிப் பொறியாளர் ஹெப்சிபா ஆகிய நான் அளிக்கும் வாக்குமூலம். மேற்படி பதிவைக் கேட்டேன். அதில் உள்ள குரல் என்னுடையதே. சாட்சியின் ஆலோசனையின்படியே ஷட்டரைத் திறந்தேன்."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. இத்தனை பேர் முன்னாலா. மூன்று பேர் காதால் கேட்டிருக்கிறார்களே. அவள் தலைவரைப் பார்த்தாள்.

"ஐயா, நான் அப்படிச் சொல்லலைன்னு நீங்க கேட்டீங்கல்ல?"

தலைவரின் பார்வை தன் மேல்கோட்டில் குத்தியிருந்த சொந்த வில்லைக்குப் போய்விட்டு வந்தது. சாட்சியின் பதிவு தவறு என்று எழுத வேண்டுமானால், அதன் கீழே ஒரு பெயர் வேண்டும். வாக்குமூலம் அச்சாகி வந்த தாளை இழுத்துக்கொண்டு, நிதித் துறை அம்மாள் பேனாவைத் திறந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை நகர்த்தினாள். தலைவர் போட்டார். தலைமைப் பொறியாளர் பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தார். பிறகு ஹெப்சிபாவைப் பார்க்காமலே அவரும் போட்டார்.

தாள் அவள் முன்னால் வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் ஐயா."

தலைவர் தாளின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு, அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"வேண்டியதில்லம்மா. நீங்க வாசிக்கக் கேட்டு, சரிதான்னு சொன்னதா இப்பத்தான் பதிவாகியிருக்கு. நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடுங்க."